நான்கு மூலையும் நிற்க வேண்டும்

ஜொகூர் பாருவிலிருந்து பாசிர் கூடாங் பக்கம் எப்போதாவது போயிருக்கிறீர்களா? மாசாய் தாண்டியதும் சடக்கின் இருபுறமும் இரும்புப் பெட்டிகள் மாடி மாடியாக அடுக்கியிருக்கும். சிவப்பு, நீலம், பச்சை என்று தூரத்திலிருந்து பார்த்தால் பிள்ளைகள் தீப்பெட்டி அடுக்கி விளையாடியது போலத் தோன்றும். வானொலிச் செய்தியில் இவற்றைக் ‘கொள்கலன்’ என்று அழகாகச் சொல்கிறார்கள். நம் சனங்களுக்கு அது ‘கொண்டேனா’தான்.

பாசிர் என்றால் மணல். கூடாங் என்றால் கிடங்கு. இந்தக் ‘கூடாங்’ என்ற சொல்லே நம்முடைய ‘கிடங்கு’ கப்பலேறி வந்து மலாய் வாயில் மாறியதுதான் என்று சொல்லாராய்ச்சிக்காரர்கள் சொல்வதுண்டு. வெள்ளைக்காரனின் ‘குடோன்’ என்ற சொல்லும் அதே வழிதானாம். நாம் கொடுத்த சொல் துறைமுகத்தில் நிற்க, அந்தத் துறைமுகத்துக் கிடங்கு ஒன்று நம் வீட்டுக் கொல்லைக்கே வந்து இறங்கிய கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் பெட்டியின் பூர்வீகம். 1956 ஏப்ரல் 26-ஆம் தேதி அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஐடியல்-எக்ஸ் என்ற கப்பல் 58 பெட்டிகளுடன் ஹியூஸ்டனுக்குப் புறப்பட்டது. மால்கம் மெக்லீன் என்ற லோரி முதலாளியின் யோசனை அது. மூட்டை மூட்டையாய்த் தோளில் சுமந்து ஏற்றாமல் லோரியின் பெட்டியையே தூக்கிக் கப்பலில் வைத்துவிட்டால் என்ன என்று கேட்டார் அவர். 1972-இல் சிங்கப்பூரின் தஞ்சோங் பகாருக்கும், அடுத்த ஆண்டு கிள்ளான் துறைமுகத்துக்கும் இந்தப் பெட்டிகள் வந்தன. பாசிர் கூடாங் துறைமுகம் 1977-இல் வேலையைத் தொடங்கியது. 2000-இல் கேலாங் பாத்தா பக்கம், பூலாய் ஆற்று முகத்தில் தஞ்சோங் பெலப்பாஸ் திறக்கப்பட்டது. இருபதடிப் பெட்டிக் கணக்கில் சொன்னால் அங்கே 2024-இல் மட்டும் ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கு மேல் கையாண்டிருக்கிறார்கள். பத்துப் பதினைந்து ஆண்டு கடலில் அலைந்து வயதான பெட்டிகளை விற்றுவிடுகிறார்கள். சில ஆயிரம் வெள்ளிக்குக் கிடைப்பதால், தோட்டப்புறங்களிலும் கம்பங்களிலும் இப்போது உரம் வைக்கவும் கருவி வைக்கவும் ஆளுக்கு ஒன்று வாங்கிப் போடுகிறார்கள்.

என் சித்தப்பாவும் ஒன்று வாங்கினார்.

ஜொகூர் பாருவிலிருந்து வடக்கே கூலாய், செடெனாக், லாயாங்-லாயாங் என்று ரயில் பாதையை ஒட்டியே போனால் ரெங்கம் வரும். இன்னும் கொஞ்சம் போனால் குளுவாங். 1938-லிருந்து அங்கே ரயில் நிலையக் காப்பி பேர் பெற்றது. அதைக் குடிக்காமல் திரும்புகிறவர்கள் குறைவு. வழி நெடுக ஒரு காலத்தில் பால்மரம்; இப்போது எங்கு பார்த்தாலும் செம்பனை. தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்ற சித்தப்பா, சேமநிதிப் பணத்தில் ரெங்கத்துக்கு வெளியே மூன்று ஏக்கர் மேட்டு நிலம் வாங்கிச் செம்பனை போட்டிருக்கிறார்.

அவர் வேலை செய்த தோட்டம் கைமாறியபோது லயத்து வீடுகள் காலியாயின. சனங்கள் மாசாய், உலு திராம், ஸ்கூடாய் என்று பிரிந்து போனார்கள். மாரியம்மனைப் புதிய இடத்தில் சிறு கோயிலாக வைத்தாகிவிட்டது. ஆனால் திருவிழாச் சாமான்களை எங்கே வைப்பது? ஆளுயரக் குத்துவிளக்கு இரண்டு, பொங்கல் வைக்கும் அண்டாக்கள், பந்தல் துணி, உறுமி, தப்பு, கரகச் செம்புகள். அவற்றோடு தோட்டம் திறந்த காலத்திலிருந்து காணிக்கை எழுதி வந்த பழைய நோட்டுப் புத்தகங்கள். அதில் எல்லாருடைய பாட்டன் பேரும் இருக்கிறது. புதுக் கோயிலில் இவற்றுக்கு இடமில்லை. “என் காணியில வையுங்க, நான் பாத்துக்கிறேன்” என்று சித்தப்பா பொறுப்பேற்றார். அதற்காகத்தான் இருபதடிப் பெட்டி. மீதி இடத்தில் அவருடைய உர மூட்டைகள்.

ஓர் அக்டோபரில் கிரேன் லோரி வந்தது. விற்றவர் பெயர் வேண்டாம். “எங்க வைக்கணும்?” என்று கேட்டார், சித்தப்பா கையைக் காட்டினார், இறக்கினார், போனார். சரிந்த மேட்டை முந்தின வாரம்தான் இயந்திரத்தால் வெட்டிச் சமப்படுத்தியிருந்தார்கள். பார்வைக்குக் கேரம் பலகை போல இருந்ததாம். பெட்டியை அப்படியே மண்மேல் வைத்தார்கள்.

டிசம்பர் மழை வந்தது. ஜொகூர் மழையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியும் சிகாமட்டும் மூழ்கியதைப் பார்த்தவர்கள் நாம். 2023 மார்ச்சில் பத்து பகாட், சிகாமட், குளுவாங் வட்டாரங்களில் பல்லாயிரம் பேர் நிவாரண முகாம்களுக்குப் போனார்கள். சித்தப்பாவின் மேட்டில் வெள்ளமில்லை. ஆனால் பெட்டியின் கதவு மெல்ல மெல்ல முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. துரு என்று நினைத்துப் பழைய எஞ்சின் எண்ணெய் விட்டார். கீலுக்குத் தேங்காயெண்ணெய் விட்டார். சுத்தியலால் தட்டித் திறந்தார். சித்திரைத் திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கதவு அடியோடு நின்றுவிட்டது. பூட்டுக் கம்பி அரை அங்குலம் அசைகிறது, அதற்கு மேல் வரவில்லை.

எனக்குப் போன் வந்தது. “தம்பி, சாமி சாமான் எல்லாம் உள்ள மாட்டிக்கிச்சு. நாளன்னைக்கு ஊரே வருது” என்றார். மண்டோராக இருந்து முந்நூறு பேரைப் பிரட்டுக் களத்தில் நிறுத்தியவர் அழும் குரலில் பேசியதை அன்றுதான் கேட்டேன்.

நான் போய்ச் சேரும்போது பட்டறைக்காரர் ஒருவர் கேஸ் குழாயோடு நின்றிருந்தார். கீலை அறுத்துவிடலாம் என்பது அவர் கட்சி. உள்ளே பந்தல் துணி இருக்கிறது, நெருப்புப் பொறி பட்டால் என்ன ஆவது என்று சின்னம்மா வழிமறித்து நின்றார். அப்போதுதான் ரயில்வே தாத்தாவை அழைத்து வந்தார்கள். மலாயன் ரயில்வேயில் கேங் வேலை பார்த்தவர். சிலிப்பர் கட்டைக்கு அடியில் கல் கொட்டித் தண்டவாளத்தைச் சமப்படுத்துவதில் ஆயுளைக் கழித்தவர். எண்பது வயது இருக்கும். அவர் கதவைப் பார்க்கவேயில்லை. பெட்டிக்கு இருபது அடி தள்ளிப் போய்த் தரையில் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடிவிளிம்பைப் பார்த்தார். எழுந்து சொன்னார்: “கதவுல ஒண்ணும் கோளாறு இல்லப்பா. அந்தக் கால் பூமிக்குள்ள போயிடுச்சு.”

பாரம் இருக்கும் இடம்

இந்தப் பெட்டியை நாம் பெரிய தகர டப்பா என்று நினைக்கிறோம். அது தப்பு. கப்பலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது பாரத்தைச் சுமப்பவை நான்கு மூலைத் தூண்களே. சுவர்த் தகட்டின் கனம் இரண்டு மில்லிமீட்டர் அளவுதான். (பெட்டியை மண்ணில் புதைத்து நிலவறை செய்கிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள், மண் நெருக்கினால் சுவர் உள்ளே வளைந்துவிடும்.) நான்கு கீழ்மூலைகளிலும் வார்ப்பு எஃகுக் கட்டிகள் இருக்கும். அவை மற்ற அடிப்பாகத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். பெட்டி தரையைத் தொடுவது அந்த நாலு இடத்தில்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வெறும் இருபதடிப் பெட்டி ஏறக்குறைய 2,200 கிலோ. ஐம்பது கிலோ உர மூட்டை நூறு அடுக்கினால் 5,000 கிலோ. ஆக 7,200. மூலைக்கு 1,800 கிலோ. அந்த மூலைக் கட்டியின் அடியோ ஏழு அங்குலத்துக்கு ஆறரை அங்குலம். விரித்த உள்ளங்கை அளவு. ஈர மண் எப்படித் தாங்கும்?

நான்கும் ஒரே அளவாக இறங்கினாலும் பாதகமில்லை. ஒரு மூலை மட்டும் இறங்கினால் பெட்டி முறுக்கிக்கொள்கிறது. மூன்று பக்கம் சுவர் பிடித்திருக்கிறது. கதவுப் பக்கத்தில் பிடிக்க ஒன்றுமில்லை, வெறும் சட்டம்தான். நேர்ச் சதுரமாக இருந்த சட்டம் கோணிப் போகிறது. கோணிய சட்டத்துக்குள் நேரான கதவு எப்படித் திறக்கும்?

தாத்தா சொன்னபடி இறங்கிய மூலையின் பக்கத்தில் குழி பறித்தோம். லோரி ஜேக்கியை அப்படியே வைத்தால் அதுவும் சேற்றில் இறங்கும் என்று சிலிப்பர் கட்டைத் துண்டு ஒன்றை அடியில் போடச் சொன்னார். ஜேக்கியின் தலையை மூலைக் கட்டிக்கு நேர் அடியில் வைத்து ஏற்றினோம். அரை அங்குலம் ஏறியதும் பக்கத்தில் ஒரு கட்டை செருகு. மறுபடி ஏற்று, மறுபடி செருகு. “கையைக் காலை அடியில விட்டா நான் வீட்டுக்குப் போயிடுவேன்” என்று இளவட்டங்களை மிரட்டிக்கொண்டே இருந்தார். அவர் கண் முழுக்கக் கதவின் மேல் விளிம்பிலேயே இருந்தது. இரண்டு கதவும் ஏறுமாறாக நின்றவை, மெல்ல ஒரே கோட்டுக்கு வந்தன. “போதும், இப்ப இழு” என்றார்.

சின்னம்மாதான் இழுத்தார். ஒரு கையால்.

திருவிழா நடந்தது. விளக்கு எரிந்தது. அதை விவரிக்கப் புகுந்தால் பக்கம் போதாது.

மறுபடி முதலிலிருந்து

சூன் மாதம் மழை குறைந்த நாளாகப் பார்த்து, சாமான்களை வெளியே எடுத்து, கிரேன் லோரியை மறுபடி வரவழைத்துப் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். அடியில் தோண்டிப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. ரெங்கம் மண் நல்ல மண். கருங்கல் மக்கி உண்டான, தண்ணீர் தேங்காத மண். மலேசியாவின் மண் ஆய்வாளர்கள் ஒரு மண் வகைக்கே ‘ரெங்கம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் இயந்திரக்காரர் செய்தது என்ன? மேட்டுப் பக்கம் வெட்டிய மண்ணைப் பள்ளத்துப் பக்கம் தள்ளிச் சமமாக்கிவிட்டார். பெட்டியின் ஒரு பக்கம் வெட்டிய கெட்டித் தரையில். மறுபக்கம் கொட்டிய புது மண்ணில். போதாததற்கு, அந்தப் புது மண்ணுக்கு அடியில் பழைய செம்பனை மரத்தின் அடிக்கட்டை வேறு மக்கிக் கொண்டிருந்தது. கடப்பாரையை விட்டால் பஞ்சு போல இறங்கியது. அதற்குள் காண்டாமிருக வண்டின் புழுக்கள்! கோழிகளுக்கு அன்று விருந்து.

வீட்டில் பெட்டி வாங்கும் எண்ணம் இருந்தால் இந்த இடத்தை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள். முழுப் பெட்டியும் வெட்டிய தரையில் நிற்க வேண்டும். பாதி வெட்டு, பாதி கொட்டு ஆகாது. அரையடி மேல்மண்ணை வழித்தெடுத்து, கெட்டியான அடிமண் வந்த பிறகு, உடைத்த கல்லும் தூளும் கலந்த ‘கிரஷர் ரன்’ போட்டு, இடிக்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து அடுக்கடுக்காக இடித்தார்கள். மேட்டுப் பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி மழைநீரைச் சுற்றி அனுப்பினார்கள். மூலைக்கு ஒன்றாக இரண்டடிச் சதுரத்தில் நாலு கான்கிரீட் மேடை. முன்பு சொன்ன 1,800 கிலோ இப்போது பன்னிரண்டு மடங்குக்கும் அதிகமான பரப்பில் பரவுகிறது.

மேடைகளை எங்கே வைப்பது? பெட்டியின் நீளம் இருபதடி என்று பேர். உண்மையில் 19 அடி பத்தரை அங்குலம், அகலம் 8 அடி. முளை அடித்து நூல் பிடித்த பிறகு மூலைக்கு மூலை குறுக்கே அளக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் 21 அடி 5 அங்குலம் வந்தால் சதுரம் சரி. ஒன்று கூடி ஒன்று குறைந்தால் நூல் கோணியிருக்கிறது.

மட்டம் பார்க்க ரயில்வே தாத்தா கொண்டு வந்தது முப்பதடி நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய், அவ்வளவுதான். மீன் தொட்டிக்குப் போடுவார்களே, அதேதான். குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை ஒரு மூலையிலும் மறுமுனையை அடுத்த மூலையிலும் பிடித்தால் இரண்டு பக்கத் தண்ணீரும் ஒரே மட்டத்தில் நிற்கும். எந்தக் கம்பெனியின் கருவியும் இதைவிட நேர்மையாகச் சொல்லாது. ஒரு மேடை கால் அங்குலம் தாழ்ந்திருந்தது; அதன்மேல் இரும்புத் தகடு வைத்தார்கள். மரச் சில்லு வைக்கலாமா என்று ஒரு பையன் கேட்டதற்கு, “கரையானுக்கு நீ சோறு போடறியா?” என்று பதில் வந்தது.

பெட்டியைச் சற்றே சாய்த்து வைத்தால் கூரை நீர் ஓடும் என்று சித்தப்பா வாதாடினார். தாத்தா ஒப்பவில்லை. சுற்றியுள்ள நிலத்துக்குத்தான் சாய்வு கொடுத்தார்கள். பெட்டி நேர்மட்டமாகவே நிற்கிறது. நீளவாட்டம் கிழக்கு மேற்காக. நம் பகுதி பூமத்திய ரேகைக்கு இரண்டு பாகை வடக்கே இருப்பதால் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கத்தில் மட்டும் அடிக்கும். உள்ளே வெக்கை குறையும்.

எல்லா இடத்துக்கும் இதே வைத்தியம் பொருந்தாது. பொந்தியான், பெனுட் பக்கம் அன்னாசி போட்டிருக்கும் கரிய புல்மக்கு நிலத்தில் பரிட் வெட்டி நீரை வடித்தால் பூமியே ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் தாழ்ந்துகொண்டு போகும். அங்கே மூலைக்கு ஒரு மேடை போதாது. சிலிப்பர் கட்டைகளைப் பெட்டியின் அகலத்துக்கும் மிஞ்சிப் பாய் போல விரித்து, ஆண்டுக்கொரு முறை மட்டம் பார்த்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும். ஆற்றோரத்தில் வைப்பவர்களுக்கு வேறோர் ஆபத்து. கதவு இறுக்கமான வெறும் பெட்டி, அடிப்பலகைக்கு மேல் அரையடித் தண்ணீர் ஏறினாலே மிதக்கத் தொடங்கும். கப்பலில் வந்ததல்லவா! சங்கிலி போட்டுக் கட்டாவிட்டால் அடுத்த கம்பத்தில் போய்த்தான் தேட வேண்டும்.

உள்ளே வைக்கும் சாமான் பற்றிச் சின்னம்மா கற்றுக்கொண்டவை தனிக் கதை. இரவில் பெட்டி வியர்க்கும். பகல் சூட்டில் காற்றில் ஏறிய ஈரம், இரவில் கூரைத் தகடு குளிர்ந்ததும் துளித் துளியாகச் சொட்டும். முதல் வருடம் காணிக்கை நோட்டில் இரண்டு பக்கம் அப்படித்தான் ஊறிப் போனது. இப்போது பெட்டிக்கு மேலே கால் நட்டுத் தகரக் கூரை போட்டிருக்கிறார்கள். சுவரின் மேல்புறத்தில் உள்ள காற்றுத் துளைகளை அடைப்பதில்லை. நோட்டுகளை வீட்டு அலமாரிக்கே கொண்டுபோய்விட்டார். உரமும் மருந்தும் தனியே ஒரு கொட்டகைக்குப் போயின. உர ஈரம் இரும்பையும் அரிக்கும், பித்தளையையும் கெடுக்கும். அடிப்பலகை கெட்டி மரந்தான், பெரும்பாலும் நம் காடுகளில் வளரும் குருயிங் போன்ற மரத்தின் ஒட்டுப்பலகை. ஆனால் பூச்சி அரிக்காமலிருக்க அதற்கு மருந்து ஏற்றியிருப்பார்கள். கதவில் பதித்த தகட்டில் அதற்கென ஒரு வரி இருக்கும். ஆகவே அரிசி மூட்டையைப் பலகைமேல் நேராக வைக்காதீர்கள்.

தாய்மார்களுக்கு ஒன்று. இந்தக் கதவின் பூட்டுக் கம்பிகள் வெளிப்பக்கம்தான் இருக்கின்றன. உள்ளே மாட்டிக்கொண்ட பிள்ளை திறந்து வர முடியாது. நண்பகலில் உள்ளே அடுப்பு போலக் காயும். சின்னம்மா கதவில் ஒரு சங்கிலி போட்டு, திறந்திருக்கும் நேரமெல்லாம் அதைப் பக்கத்துத் தூணில் மாட்டிவிடுகிறார். பேரப்பிள்ளைகள் ஒளிந்து விளையாட அந்தப் பக்கம் போனால் வசவு விழும்.

இன்னொன்று, வாங்கும் முன்பே மாவட்ட மன்ற அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். விவசாய நிலமானாலும் பெட்டி வைக்க அனுமதி தேவைப்படலாம். லோரி வரும் வழியையும் நடந்து பாருங்கள். செம்பனையை முப்பதடி இடைவெளியில் நட்டாலும் மட்டைகள் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும். மேலே மின்கம்பி போனால் கிரேனைத் தூக்கவே கூடாது.

போன மாதம் நான் மறுபடி ரெங்கம் போயிருந்தேன். பெட்டியின் கதவு விரல் பட்டால் திறக்கிறது. பக்கத்துச் சுவரில் சித்தப்பா ஓர் அட்டை மாட்டியிருக்கிறார். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை குழாயைப் பிடித்து நாலு மூலையின் மட்டத்தையும் அதில் எழுதுகிறார், பிரட்டில் பேர் எழுதிய அதே கையெழுத்து. ரயில்வே தாத்தா இப்போது இல்லை. அவருடைய குழாய் உறுமிக்குப் பக்கத்தில் சுருட்டித் தொங்குகிறது.

“தென்கிழக்கு மூலை ஒரு நூல் இறங்கியிருக்கு தம்பி” என்றார் சித்தப்பா. ஜேக்கி ஏற்கெனவே வெளியே எடுத்து வைக்கப்பட்டிருந்தது. நான் சட்டையைக் கழற்றி மாட்டினேன்.